ஆயாவின் குடமும் மாமரத்தின் தாகமும்

சிங்கப்பெருமாள் கோயில் என்றதும் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகம் வருவது குன்றைக் குடைந்து கட்டிய பாடலாத்ரி நரசிம்மர் கோயிலும், ஜி.எஸ்.டி. ரோட்டு டிராஃபிக்கும்தான். கோயிலுக்குப் பின்னால் ஓர் அழிஞ்சில் மரம் உண்டு. கல்யாணம் ஆகாதவர்கள், பிள்ளை இல்லாதவர்கள் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து வேண்டிக்கொள்வார்கள். அந்த ஊரில் ஓர் ஆயா, தன் வீட்டு மாமரம் காய்க்க வேண்டும் என்று அந்த அழிஞ்சில் மரத்திடம் போய் வேண்டிக்கொண்டு வந்தார். ஒரு மரத்துக்காக இன்னொரு மரத்திடம் சிபாரிசு! வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. அவருக்கு விஷயம் அவ்வளவு அவசரம்.

மாமரம் 2009-ல் நட்ட பங்கனபள்ளி ஒட்டு. ஆயாவின் வீட்டுக்காரர் நர்சரியிலிருந்து சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து நட்டது. அடுத்த வருஷம் ஆடி மாதத்தைப் பார்க்க அவர் இல்லை. ஒட்டுக்கன்று என்றால் மூன்று நான்கு வருஷத்திலேயே காய்க்க ஆரம்பித்துவிடும். கொட்டை போட்டு வளர்த்த மரம்தான் ஏழெட்டு வருஷம் காக்க வைக்கும். இதுவோ ஒட்டு. ஆனாலும் ஒன்பது வருஷத்தில் அது கொடுத்தது ஒரு வருஷம் நாலு காய், ஒரு வருஷம் ஏழு காய், மற்ற வருஷமெல்லாம் பூஜ்யம். மரம் மட்டும் மொட்டை மாடியைத் தாண்டிக் கரும்பச்சையாக, பார்க்கிறவர்கள் கண் படுகிற மாதிரி நின்றது. மாசத்துக்கு ஒருமுறை செம்பு நிறத்தில் தளதளவென்று துளிர் விடும். "பாரு எவ்ளோ அழகா துளுர்க்குது" என்று ஆயாவுக்குப் பெருமை வேறு. பிரச்சினையே அந்தத் துளிரில்தான் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மகனுக்கு வேறு கணக்கு. ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகளும், பரனூர் பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியும் வந்த பிறகு சிங்கப்பெருமாள் கோயிலில் வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மாமரம் நிற்கிற இடத்தில் ஒரு சின்ன போர்ஷன் போட்டால் மாசா மாசம் வாடகை. பேத்தியின் காலேஜ் ஃபீஸுக்கு ஆகும். "காய்ச்சாலாவது பரவால்ல, சும்மா நிக்குதும்மா" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வில்லன் யாரும் இந்தக் கதையில் கிடையாது.

சரி, மரத்துக்குத் தண்ணீர் எப்படிப் போனது என்று பார்ப்போம். ஆயா காலையில் எழுந்து கோலம் போட்டதும் முதல் வேலையாக இரண்டு குடம் தண்ணீரை மரத்தடியில், சரியாகத் தண்டை ஒட்டி ஊற்றுவார். மழை பெய்தாலும் ஊற்றுவார் (சிரிக்காதீர்கள், பல வீட்டில் நடக்கிறது). வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன மரம் என்பதால் அது ஒரு பூஜை மாதிரி. இது போதாதென்று, குளியலறைத் தண்ணீரும் துணி துவைக்கிற தண்ணீரும் ஒரு சிறு வாய்க்கால் வழியாக அதே மரத்தடிக்குத்தான் போனது. "தண்ணி வீணாவாம மரத்துக்குப் போவுது" என்று எல்லோருக்கும் திருப்தி. வருஷம் 365 நாளும் அந்த மண் காயவே இல்லை.

வாழைக்கு இது சரி. தென்னையும் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளும். மாமரத்துக்கு இது ஆகாது. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

மாமரத்தின் கிளை நுனியில் இருக்கிற மொட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு முடிவு எடுக்கிறது. இலையாக விரிவதா, பூங்கொத்தாக விரிவதா என்று. இளம் இலைகளில் ஜிப்ரலின் என்ற ஹார்மோன் நிறைய இருக்கும், அது பூவைத் தடுக்கும். இலை முற்ற முற்ற அந்தத் தடை குறைகிறது. லக்னோ பக்கம் மலிஹாபாதில் குளிர்காலம் கடுமையாக இருப்பதால், குளிரே மொட்டைப் பூவின் பக்கம் தள்ளிவிடுகிறது. நம் ஊரில் அந்த அளவு குளிர் ஏது? சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் தை மாத விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இங்கே பெரும்பாலும் இலையின் வயதுதான் முடிவு செய்கிறது. கடைசியாக விட்ட துளிர் நாலைந்து மாதம் முற்றிய பிறகுதான் கிளை பூக்கத் தயாராகும். நடுவில் புதுத் துளிர் விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. மண்ணில் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் மரம் துளிர்த்துக்கொண்டே இருக்கும். பூக்கும் முன் இரண்டு மூன்று மாதம் தண்ணீர் காட்டாதே என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதற்குத்தான். வறட்சி வந்து பூவை வெளியே இழுப்பதில்லை. புதுத் துளிர் வராமல் காவல் காக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் நம் மாவட்டத்தின் சங்கடம் வருகிறது. அல்போன்சா விளைகிற கொங்கணத்தில் ஜூனில் தொடங்கும் மழை அக்டோபருக்குள் முடிந்துவிடும். பிறகு வானம் காய்ந்து கிடக்கும், மரம் நிம்மதியாகப் பூக்கத் தயாராகும். செங்கல்பட்டுக் கடற்கரை மாவட்டத்துக்கோ வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான். எந்த மாதத்தில் மரம் தாகத்தோடு இருக்க வேண்டுமோ, அந்த மாதத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது! 2015 டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த வாரம் ஆயா வீட்டு மரத்தடியில் மூன்று நாள் முழங்கால் தண்ணீர். அடுத்த தையில் மரம் முழுக்கச் செந்துளிர், பூ ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்த வருஷம் 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் ஒரு பெரிய கிளையை முறித்துப் போட்டது.

வானத்தை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் வானம் ஊற்றுகிறபோது ஆயாவும் சேர்ந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

திருப்பம் 2018-ல் வந்தது. அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழை சென்னையையும் சுற்றுப்பக்கத்தையும் ஏமாற்றிவிட்டது. வழக்கமாகப் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் பெய்தது. டிசம்பரிலேயே கிணற்றில் தரை தெரிய ஆரம்பித்தது. மோட்டார் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குளிக்கிற தண்ணீரைப் பிடித்து வைத்து டாய்லெட்டுக்கு ஊற்றினார்கள். மரத்தடி வாய்க்கால் வறண்டு வெடித்தது. ஆயாவின் இரண்டு குடத்துக்கும் மருமகள் தடை போட்டார். "மனுசருக்கே இல்ல, மரத்துக்கு எங்க போறது அத்தே" என்று சொன்னபோது ஆயா பேசவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

2019 ஜனவரி கடைசியில் ஒரு நாள் பேத்தி மாடிக்குத் துணி காயப்போடப் போனவள் "ஆயா... ஆயா..." என்று கத்தினாள். மரத்தின் தலை முழுக்கப் பூ. ஒன்பது வருஷத்தில் பார்க்காத பூ. இலை தெரியாத அளவுக்கு மஞ்சளும் பழுப்பும் கலந்த கொத்து கொத்தாக. தேனீக்களும் ஈக்களும் சத்தம் போட்டுக்கொண்டு சுற்றின. அழிஞ்சில் மரம் சிபாரிசைக் கேட்டுவிட்டது என்று ஆயா முடிவே செய்துவிட்டார். மறுவாரம் கோயிலுக்குப் போய் சந்தனம் சாத்திவிட்டும் வந்தார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மாம்பூங்கொத்து ஒன்றில் நூற்றுக்கணக்கில், சிலசமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். கடைசிவரை நிற்பது ஒன்றோ இரண்டோ காய்தான், பல கொத்தில் அதுவும் இல்லை. பூவெல்லாம் உதிர்ந்து பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும்தான் மரத்துக்கு உண்மையான தாகம் ஆரம்பிக்கிறது. அந்த நேரம் பார்த்து, 2019 மார்ச்சில், கிணறு முழுசாக வற்றிவிட்டது. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அதே வருஷம். லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகிற வீட்டில் மாமரத்துக்கு எங்கிருந்து ஊற்றுவது? பிஞ்சுகள் தினமும் காலையில் கோலத்தின் மேல் கொட்டிக் கிடந்தன. ஆயா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வடு போட்டார். இரண்டு ஜாடி நிறைந்தது. மே மாதம் கைக்கு வந்த பழம் பதினொன்று.

அந்தப் பதினொன்றில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே விஷயத்தை விளக்கியவர், பக்கத்துக் கிராமங்களில் மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிற ஒருவர். பழம் வாங்க வந்தவர் இல்லை, மகனின் பழைய சிநேகிதர். மரத்தை அண்ணாந்து பார்த்தார், குளியலறை வாய்க்காலைப் பார்த்தார், சிரித்தார்.

"மரத்துக்கு ஒடம்பு நல்லாத்தான் கீது ஆயா. வவுறு நெறஞ்சவன் எதுக்கு வேலைக்குப் போவான்? போன வருசம் பட்டினி போட்டீங்க, பூத்துச்சு. பூத்தப்புறமும் பட்டினி போட்டீங்க, கொட்டிடுச்சு."

"தண்ணி ஊத்தினா மரம் கெட்டுப் போவுமா? நல்லா கீதே கத!" என்றார் ஆயா. ஆனால் அன்று ராத்திரி பேத்தியைக் கூப்பிட்டு, அவர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். மகன் இரண்டு வருஷம் டைம் கொடுத்தார். அதற்குள் காய்க்காவிட்டால் போர்ஷன்தான் என்று பேச்சு.

முதல் மாற்றம் வாய்க்காலில். குளியலறைத் தண்ணீரைக் கொல்லைப்புறம் திருப்பி, அங்கே இரண்டு வாழை வைத்தார்கள். சோப்புத் தண்ணீர் மாமரத்துக்கு எப்படியும் நல்லதில்லை. மாமரம் உப்பைத் தாங்காது, இலை நுனி கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். இப்போது வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, அது வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, மாமரத்துக்கு வேண்டாம். கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கோடையில் போர் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தால், மழை நேரத்தில் நன்றாகத் தண்ணீர் வடிந்து உப்பு கழுவப்பட வழி செய்திருந்தால்தான் மரம் பிழைக்கும்.

இரண்டாவது மாற்றம் இடத்தில். வளர்ந்த மரம் தண்டை ஒட்டித் தண்ணீர் குடிப்பதில்லை. உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன, உச்சி வெயிலில் மரத்தின் நிழல் விழுகிற ஓரத்தை ஒட்டி. தண்டைச் சுற்றித் தண்ணீர் நின்றால் பட்டை அழுகும், பிசின் வடியும். அதனால் தண்டை ஒட்டி மண்ணை அணைத்து மேடாக்கி, நிழல் ஓரத்தில் வட்டமாகப் பாத்தி எடுத்தார்கள். பாத்தி எடுத்த நாளில் ஆயா, இத்தனை வருஷம் ஊற்றியதெல்லாம் வேருக்கே போகவில்லையா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். கன்றாக இருந்தபோது அவர் ஊற்றியதுதான் அதைக் காப்பாற்றியது என்று பேத்தி சொல்லிச் சமாதானப்படுத்தினாள். அது பொய்யும் இல்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் வேர் ஆழம் போயிருக்காது, வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு குடம் இல்லாவிட்டால் கன்று கருகிவிடும். தப்பு என்னவென்றால், கன்றுக்கு ஊற்றிய கையோடு மரத்துக்கும் ஊற்றியதுதான்.

மூன்றாவது, காலம். நோட்டில் அது ஆடியில் ஆரம்பிக்கிறது. நியாயம்தான், மாமரத்துக்கு வருஷப் பிறப்பு சித்திரையில் இல்லை, அறுவடை முடிந்த பிறகுதான். ஆனி, ஆடியில் காய்ந்த குச்சிகளைக் கழித்துவிட்டு, தொழு உரம் போட்டு, மழை வராத வாரங்களில் நன்றாகத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்போது வருகிற துளிர்தான் தையில் பூக்கப்போகிற கிளை. ஆவணி தாண்டினால் உரம் கிடையாது. புரட்டாசி பாதியோடு குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் செய்ய வேண்டிய வேலை தண்ணீர் விடுவதில்லை, தண்ணீரை வெளியேற்றுவது. பாத்தியை உடைத்துவிட்டு, மழைத் தண்ணீர் தேங்காமல் ஓட ஒரு கால்வாய் வெட்ட வேண்டும். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துச் சரளை கலந்த செம்மண் சீக்கிரம் வடிந்துவிடும், அந்த வகையில் அதிர்ஷ்டம். ஏரிக்கரைக் களிமண்ணாக இருந்தால் கஷ்டம்தான், அங்கே நடும்போதே மேடு போட்டு நட வேண்டும்.

மார்கழி, தையில் மரம் பூக்கிற வரை ஒரு சொட்டு கிடையாது. ஆயாவுக்கு மிகக் கஷ்டமான மாதங்கள் இவைதான். வெயிலில் மரம் லேசாக வாடினாற்போல இருந்தால் மனசு கேட்காது. "ஒரே ஒரு குடம்" என்று கெஞ்சுவார். ஒரு குடத்தால் ஒன்றும் ஆகாது என்று பேத்தி ஒருநாள் இறங்கிவிட, மருமகள்தான் கண்டிப்பாக நின்றார். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புகள் பலவும் மானாவாரிதான், மழையை மட்டும் நம்பி நிற்பவை. வேரூன்றிய மாமரம் இரண்டு மாதத் தாகத்தில் செத்துப்போகாது.

பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் தண்ணீர் திரும்பத் தொடங்க வேண்டும். அதுவும் எடுத்த எடுப்பில் வெள்ளமாக விடாமல் முதலில் கொஞ்சம், பிறகு முழுசாக. வளர்ந்த மரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை இருபது முப்பது குடம், பாத்தி நிறைய. தினமும் இரண்டு குடத்தைவிட இது மேல், ஏனென்றால் ஆழமாக இறங்கும். மணல் பாங்கான கடற்கரை நிலம் என்றால் அளவைக் குறைத்து வாரம் ஒருமுறை. சந்தேகம் வந்தால் கடப்பாரையால் ஓர் அடி தோண்டி, மண்ணைக் கையில் பிடித்து உருட்டிப் பார்க்கலாம். உருண்டை பிடித்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் பொறுக்கலாம். பாத்தியில் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்பி வைத்தால் பங்குனி வெயிலில் ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். பல நாள் காயப்போட்டுவிட்டு திடீரென்று ஊற்றினால் காய் வெடிக்கும். பறிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் மறுபடி நிறுத்தினால் பழம் இனிக்கும்.

மருந்து அடிக்கிற வழியும் இருக்கிறது. கொங்கணத்தில் பேக்லோபியூட்ரசால் என்ற மருந்தை வேரில் ஊற்றி மரத்தின் துளிரை அடக்குகிறார்கள். பிலிப்பைன்ஸில் ஒரு காலத்தில் மரத்தடியில் நாள் கணக்கில் புகை போட்டுப் பூக்க வைத்தார்கள். ரமோன் பார்பா என்ற விஞ்ஞானி 1970-களில் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலைத் தெளித்தாலே போதும் என்று காட்டிய பிறகு புகை குறைந்தது. பெரிய தோப்புக்கு இதெல்லாம் சரி. வீட்டில் நிற்கிற ஒற்றை மரத்துக்குக் குடத்தைக் கவிழ்த்து வைப்பது செலவில்லாத வைத்தியம். மேலே ஏதாவது கேட்க வேண்டுமானால் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து பக்கம்தான்.

2020 தையில் மரம் பாதிக்குப் பூத்தது. தெற்குப் பக்கம் பூ, வடக்குப் பக்கம் துளிர். அந்தக் கோடையில் ஊரடங்கு, எல்லோரும் வீட்டிலேயே இருந்ததால் தண்ணீர் விடுவதில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எழுபது பழத்துக்கு மேல் வந்தது. ரோட்டில் பழவண்டி வராத அந்த மாதங்களில் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஆயா வீட்டுப் பழம்தான் போனது. மகன் அதன் பிறகு போர்ஷன் பேச்சை எடுக்கவில்லை. பின்னால் மாடியில் ஒரு ரூம் போட்டார், அதற்கும் மரத்தின் ஒரு கிளையை மட்டும் கழித்தார்.

எல்லா வருஷமும் அப்படி அமைந்துவிடவில்லை. 2021 நவம்பரில் சென்னையில் ஒரே மாதத்தில் நூறு சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. கால்வாய் வெட்டி, பாத்தி உடைத்து, எல்லாம் செய்தும் மரம் துளிர்த்துவிட்டது. மாசிக் கடைசியில் ஏதோ பத்துக் கொத்து பூ. பங்கனபள்ளிக்கு ஒரு வருஷம் நிறையக் காய்த்தால் அடுத்த வருஷம் அலுத்துக்கொள்கிற குணமும் கொஞ்சம் உண்டு. அந்த வருஷம் ஆயா யாரையும் திட்டவில்லை, வானத்தைத் தவிர.

ஆயாவின் பழக்கம் மட்டும் முழுசாகப் போகவில்லை. மார்கழிக் காலையிலும் கோலம் போட்டு முடித்ததும் கை தானாகக் குடத்தை எடுத்துவிடும். மரத்தடி வரை போய் நிற்பார், மேலே அண்ணாந்து பார்ப்பார். பிறகு சுற்றிக்கொண்டு கொல்லைப்புறம் போய் வாழைக்கு ஊற்றிவிட்டு வருவார்.